மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஒரு சாட்சி

"வீடு போகிறது, உடனே வா" என்று அக்காவிடமிருந்து தந்தி வந்தது. கொழும்புத் தபால்காரர் அதைப் படித்துச் சொல்லிவிட்டு, "யாருக்கும் மௌத்து இல்லையே, அப்புறம் ஏன் முகத்தை இப்படி வைத்துக்கொள்கிறீர்?" என்று கேட்டார். மௌத்தாக இருந்தால் அழுதுவிட்டு நாற்பதாம் நாளோடு எழுந்திருக்கலாம். வீடு போவதற்கு எத்தனை நாள் அழுவது என்று எந்தக் கிதாபிலும் எழுதி வைக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். பாஸ்போர்ட் ஆபீஸ் குமாஸ்தா பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். "கல்யாணம், சாவு, வியாபாரம், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும் ஐயா, என் உயிரை வாங்காதேயும்" என்றார். வியாபாரம் என்று போடச் சொன்னேன். இந்தியன் என்றால் இலங்கையில் முகத்தைச் சுளிப்பார்கள். இலங்கையிலிருந்து வருகிறேன் என்றால் இந்தியாவில் பெட்டியைக் குடைவார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் பழகிப்போனதுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாங்கள் கம்பத்து ராவுத்தர்கள். நான் சிக்கந்தர், புறக்கோட்டையில் ஒரு சிந்திக்கார முதலாளியின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். அக்கா மைமூன் மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது, அடித்தது, சோறு ஊட்டியது எல்லாம் அவள்தான். அவள் வீட்டுக்காரர் காசிம் மச்சான் குஜராத் பக்கத்துக் கச்சி வியாபாரி ஒருவரின் சுக்குக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். நாடு இரண்டானதும் அந்த வியாபாரி கராச்சிக்குக் கடையை மாற்றினார். "நீயும் வா காசிம், ஒரு வருஷம் இருந்து கிடங்கை நிலைநிறுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பு" என்றார். மச்சான் போனார். அவர் பாகிஸ்தானுக்குப் போகவில்லை, சுக்கு மூட்டை எண்ணப் போனார். ஆனால் சர்க்கார் சுக்கைப் பார்க்குமா? திரும்பி வர பெர்மிட் கேட்டால் இல்லை என்றார்கள். நாட்டை விட்டு ஓடியவன் என்று காகிதத்தில் ஏற்றிவிட்டார்கள். ஓடியவன் விட்டுப்போன சொத்துக்கு ‘எவாக்குயி’ சொத்து என்று பெயர். அது சர்க்காருக்குச் சேரும். அந்தப் பக்கத்தில் வீடு இழந்து வந்த அகதிக்குச் சர்க்கார் அதைக் கொடுக்கும்.

மட்டாஞ்சேரி வீட்டை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த வீடு மச்சானுடையதே இல்லை, போவதற்கு முன்பே அக்காவுக்குக் கொடுத்துவிட்டார் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. பத்திரம் எழுதவில்லை. எங்கள் மார்க்கத்தில் வாயால் கொடுத்தாலே போதும், அதற்கு ஹிபா என்று பெயர், சாட்சி மட்டும் வேண்டும். சாட்சி இரண்டு பேர். ஒருவர் எங்கள் பள்ளிவாசல் மோதினார், போன வருஷம் காலமாகிவிட்டார். மற்றவன் நான். அதனால்தான் தந்தி.

எர்ணாகுளத்தில் படகு ஏறினேன். பஸ்ஸில் போயிருக்கலாம், பாலம் இருக்கிறது. கடல் தாண்டி வந்தவனுக்குக் காயல் என்ன பெரிதா என்று திமிரில் ஏறினேன். நடுக்காயலில் ஆகாயத்தாமரை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு படகு நின்றுவிட்டது. படகுக்காரர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் குதித்தார். மீன்கூடைக்காரிகள் நாலு பேர் மலையாளத்தில் அவரைத் திட்டிய திட்டை மொழிபெயர்த்து எழுத எனக்குத் தைரியம் இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து அப்பளத்தை ஒடித்துக் கடித்தார். மிளகு தூக்கலான சிந்தி அப்பளம், முதலாளி வீட்டில் தினமும் பார்ப்பது. தெரிந்த நாலு சிந்தி வார்த்தையில், இது வீட்டில் போட்டதா என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் தன் பாஷையில் தன்னோடு பேசிய முதல் வெளியாள் நீதான் என்று பாதி அப்பளத்தை என் கையில் வைத்தார். பெயர் லச்சுமன்தாஸ். கராச்சியில் மூன்று மாடி வீடு, மஞ்சள் கல் கட்டடம். ஒரு ராத்திரியில் விட்டுவிட்டு வந்தார். இப்போது எர்ணாகுளம் பிராட்வேயில் தோளில் துணி மூட்டை போட்டு விற்கிறார். ஒரு கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஒன்பது பேர். அங்கே மழைக்காலத்தில் அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து, ஈரத்திலேயே செத்துப்போனது.

"இப்போது விடிவு வந்திருக்கிறது. மட்டாஞ்சேரியில் ஒரு பாகிஸ்தான்காரன் விட்டுவிட்டு ஓடிய வீடு. எனக்குத் தருவதாக எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

"பார்த்தீர்களா?"

"வெளியே நின்று பார்த்தேன். சுக்குக் கிடங்குக்கு எதிர்ச்சந்து, பச்சைக் கதவு. உள்ளே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். பத்திரி சுடுகிற வாசனை வந்தது. அவளுக்கு உரிமை இல்லையாம், சும்மா வழக்காடுகிறாளாம்."

மட்டாஞ்சேரியில் பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுட்டுச் சாயாக்கடைகளுக்குக் கொடுத்து வயிறு கழுவுகிற, பச்சைக் கதவு வைத்த வீட்டுக்காரி எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் என் அக்கா. கையில் அவர் கொடுத்த அப்பளம் இருந்தது. தின்றேன்.

அக்கா வாசலுக்கு ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எந்தாடா இது கோலம்? கொழும்புல சோறு தரமாட்டாங்களா? வா, கை கழுவு, பத்திரி சூடா இருக்கு." பத்திரியும் மீன்கறியும் வைத்தாள். கறியில் குடம்புளி போட்டிருந்தாள். கொழும்பில் கொறுக்காய் என்று அதையேதான் போடுவார்கள், ஆனால் இந்த ருசி வராது. ஏழு பத்திரி தின்றேன். பிறகுதான் கேட்டேன், வழக்கு எப்படி இருக்கிறது என்று.

"வக்கீல் நல்ல ஆளு. நீ வந்தாச்சுல்ல, இனி பேடிக்க ஒண்ணுமில்ல. நீ அன்னிக்குக் கூட இருந்தவன்தானே" என்றாள். மகள் ரஹ்மத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பதினாறு வயது, தமிழ் பேசுவாள், எழுத்து மலையாளம்தான். இந்த வீடு போனால் இந்த இரண்டு பேரும் அடுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தால் புகை வருகிறது என்று வீட்டுக்காரன் துரத்துவான். சொந்த அடுப்பு இருக்கிற மட்டும்தான் அக்காவுக்குச் சோறு.

அந்த ஹிபா நாளை இங்கே சொல்லியாக வேண்டும். நாற்பத்தெட்டு ஆடி மாதம், மலையாளத்துக்காரர்கள் கர்க்கடகம் என்பார்கள். மழை அப்படி ஒரு மழை. நான் விடுமுறையில் வந்திருந்தேன். கொடுக்கிறவர் வாயால் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்றேன் என்று சொல்ல வேண்டும். அதோடு எங்கள் ஜமாஅத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்தவர் தன் படுக்கையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுத் தெருவுக்குப் போக வேண்டும். வாங்கியவர் உள்ளே தாழ் போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவைத் திறந்து, வாங்க என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் வீடு கை மாறியதற்கு ஊர் சாட்சி. மச்சான் சொன்னார், அக்கா ஏற்றாள், மோதினார் துஆ ஓதினார், மச்சான் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். அக்கா தாழ் போட்டாள். அந்த வாரம் முழுக்க மச்சானுக்கு மந்து என்கிற யானைக்கால் காய்ச்சல், கால் வீங்கிப்போயிருந்தது. அவர் நனைவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அக்கா அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து நானே கதவைத் திறந்து, "போதும் மச்சான், காய்ச்சல் திரும்பிடும்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். எல்லோரும் சிரித்தோம். நெய்ச்சோறு தின்றோம். அதோடு மறந்தும்போனோம்.

மறுநாள் காலையில் சாயாக்கடையில் கிதாபு ஹாஜியார் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பள்ளிவாசல் காரியதரிசி அவர். மார்க்கச் சட்டம் என்று வாய் திறந்தால் மூடமாட்டார், அதனால் அந்தப் பெயர். "சிக்கந்தர் தம்பி, எல்லாம் முறைப்படிதான நடந்தது?" என்றார். நடந்தது என்றேன். "மைமூன்தான கதவைத் தெறந்து விளிச்சா? அது முக்கியம் கேட்டியா. கொடுத்தவன் தானா உள்ள வந்தாலோ, வேற யாரும் கூட்டிட்டு வந்தாலோ, கைமாற்றம் பூர்த்தி ஆகாது. ஹிபா அங்கேயே முறிஞ்சுடும்."

பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். "ஓ, அக்காதான் தெறந்தாங்க" என்றேன். அந்த நிமிஷம் அது வெறும் வாய் வார்த்தை. சாயாக்கடையில் சொல்கிற பொய்க்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

எர்ணாகுளத்தில் வக்கீலைப் பார்க்க அன்று பஸ்ஸிலேயே போனேன். படகில் ஏறினால் லச்சுமன்தாஸ் இருந்துவிடுவாரோ என்ற பயம். வக்கீல் பாலக்காட்டு ஐயர், ஒல்லி மனுஷர், வெற்றிலைப் பெட்டியும் சட்டப் புத்தகமும் ஒரே மேஜையில். "உக்காருங்கோ ராவுத்தரே. பயப்படாதேயும். நடந்ததை நடந்தபடி சொல்லும், எனக்கு அது போறும்" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நடந்ததை நடந்தபடி. நான் என்ன செய்தேன்? அக்கா கதவைத் திறந்ததாகச் சொன்னேன். அதோடு விட்டேனா? அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, இது இனி என் வீடு, நீங்க என் விருந்தாளி" என்று சொன்னதாகவும் சேர்த்தேன். துணிக்கடைக்காரன் இல்லையா, ஒரு முழம் கேட்டால் ஒன்றரை முழம் கிழிக்கிற கை. வக்கீல் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

"அக்காவைக் கூப்பிடுவார்களா?" என்று கேட்டேன்.

"கோஷா ஸ்திரீ, அவாளோட வாக்குமூலம் முன்னமே எழுதிக் கொடுத்தாச்சு. கொடுத்தார், வாங்கிண்டேன்னு ரெண்டு வரி. கூப்பிடமாட்டா."

நிம்மதியாக வெளியே வந்தேன். திரும்பும்போது பிராட்வேயில் ஒரு கடையில் ஊணு சாப்பிட்டேன். தடிமனான சிவப்பு அரிசிச் சோறு, மோர்க்குழம்பு, மத்தி வறுவல். கொழும்பு ஹோட்டல்களில் சோறு கேட்டால் கஞ்சத்தனமாகத் தட்டில் தட்டுவார்கள். இங்கே போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் கைச்சந்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நன்றாகவே தின்றேன். மனசாட்சி வயிற்றை ஒன்றும் செய்யவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

அக்காவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் ஒரு வாழைப்பழத்துக்காகப் பொய் சொன்னதற்கு என் தொடையில் சூடு வைத்தவள் அவள். முப்பத்தாறு வயதில் போய், உனக்காக ஆபீசில் பொய் சொல்லப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவளைத்தான் கூப்பிடமாட்டார்களே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வேலை இல்லை. ஜூ டவுன் பக்கம் நடந்தேன். மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒரு யூதக் குடும்பம் கட்டில், அலமாரி, அம்மிக்கல் எல்லாவற்றையும் தெருவில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. இஸ்ரேலுக்குப் போகிறார்களாம். ஒரு தச்சர் கட்டிலைத் தட்டித் தட்டிப் பார்த்து, பூச்சி அரித்திருக்கிறது என்றார். வீட்டுக்காரர், "பூச்சி இல்லை சேட்டா, எங்க அப்பன் வழி மூணு தலைமுறை இதுல உறங்கினது" என்று மலையாளத்தில் சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவர்கள் விற்றுவிட்டு, நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு, படகுத்துறையில் அழுதுவிட்டுப் போகிறார்கள். இவர்களை யாரும் ஓடியவன் என்று சொல்லவில்லை. மச்சான் பெட்டியில் இரண்டு கைலியும் ஒரு தொப்பியும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு என்று போனார், அவர் ஓடியவன்.

நாலாம் நாள் விசாரணை. எவாக்குயி சொத்து ஆபீஸ் ஒரு பழைய பங்களாவில். வராந்தா பெஞ்சில் லச்சுமன்தாஸ் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டை, கையில் கராச்சி வீட்டின் போட்டோ. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தவர், என் பின்னால் வெள்ளைத் துப்பட்டியில் வந்த அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அக்கா வரவேண்டியதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "என் வீட்டுக் காரியத்துக்கு நீ கடல் தாண்டி வருவே, நான் வீட்டுல இருக்கணுமோ?" என்று கிளம்பிவிட்டாள்.

அதிகாரி மலையாளி, கறாரான மனுஷர், ஆனால் குரல் உயர்த்தாதவர். இதை நான் சொல்லியாக வேண்டும், அவர் மேல் பழி போட எனக்கு ஆசைதான், வழி இல்லை. நான் குர்ஆன் மேல் கைவைத்தேன். மழை, படுக்கைச் சுருள், தாழ்ப்பாள், எல்லாம் சொன்னேன். அக்கா கதவைத் திறந்ததையும் விருந்தாளி என்று கூப்பிட்டதையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வக்கீல் தலையை ஆட்டினார். அதிகாரியும் எழுதிக்கொண்டு, எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது என்கிற மாதிரிப் பேனாவை மூடினார். பிறகு பேச்சு காதில் விழாத தூரத்தில் வராந்தாவில் நின்ற அக்காவைப் பார்த்து, "அவர்கள் வந்திருக்கிறார்களே, ஒரே ஒரு கேள்வி" என்றார்.

வக்கீல் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கு என்ன பயம்? அவர் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் உண்மை பேசுகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

அக்கா கதவோரம் நின்றாள். அதிகாரி மலையாளத்தில் கேட்டார், அன்றைக்கு உங்கள் புருஷனை யார் உள்ளே கூப்பிட்டது?

அக்கா சிரித்துவிட்டாள். ஐந்து வருஷமாகப் புருஷன் முகம் பார்க்காதவள், அந்த நாளை நினைத்ததும் சர்க்கார் ஆபீசில் நின்று சிரித்தாள். "அதோ நிக்கிறானே, இவன்தான் சாரே. கொட்டற மழை. நான் அடுக்களையில நெய்ச்சோத்தை இறக்கிட்டுத் திரும்பறேன், ரெண்டு பேரும் நடுவீட்டுல நிக்கிறாங்க, தரையெல்லாம் வெள்ளம். நான் விளிக்கவே இல்ல. அதுக்குள்ள இவனுக்குப் பொறுக்கல. மச்சான் மேல அவ்வளவு பிரியம் இவனுக்கு."

அதிகாரி என் வாக்குமூலத்தை எடுத்து மறுபடி படித்தார். "இந்த ஆள், நீங்கள் திறந்து இன்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாரே" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். துப்பட்டிக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகாவது அவள், நான்தான் மறந்துவிட்டேன் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு வராது.

அதிகாரி கேட்டார். "நடக்காததை இவ்வளவு அழகாகச் சொல்கிறவர், ஹிபா என்ற ஒன்று நடந்தது என்று சொன்னால் மட்டும் நான் எப்படி நம்புவது? மற்ற சாட்சியும் உயிரோடு இல்லை."

வெளியே வந்ததும் வக்கீல் என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். "என்னத்துக்கு ஓய் இப்படிப் பண்ணினீர்?"

கிதாபு ஹாஜியார் சொன்னதைச் சொன்னேன். கதவை அக்கா திறக்காவிட்டால் ஹிபா முறிந்துவிடும் என்று பயந்ததைச் சொன்னேன்.

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடவுளே! அது ரெண்டு அன்னியாளுக்கு நடுவிலேன்னா பார்க்கிற விஷயம். ஆம்படையான் பொண்டாட்டிக்கு வீட்டைக் கொடுத்தா அவன் வெளியே போகவே வேண்டாம் ஓய். கோர்ட்டெல்லாம் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கதவை யார் தொறந்தா என்ன, தொறக்காட்டா என்ன? நீர் உள்ளே இழுத்தேன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் சிரிச்சிண்டே கையெழுத்துப் போட்டிருப்பான். என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டீரா?"

கேட்கவில்லை. அதுதான் நடந்தது. தேவையே இல்லாத ஒரு பொய்யைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, சர்க்காரால் எடுக்க முடியாத வீட்டை எடுத்துக் கொடுத்தேன். மேலே அப்பீல் உண்டா என்றேன். உண்டு, ஆனால் சாட்சி பொய் என்று எழுதிவிட்டால் அந்தக் காகிதம் எத்தனை படி ஏறினாலும் கூடவே ஏறும் என்றார். ஃபீஸ் கொடுக்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டுப் போனார்.

படகில் திரும்பினோம். மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கும்போது, "வழுக்கும், பார்த்து எறங்கு" என்றாள். என்னை அவள் இரண்டு அறை அறைந்திருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

ஏழாம் நாள் உத்தரவு வந்தது. வீடு எவாக்குயி சொத்து, ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அதற்கு மறுநாள் மத்தியானம் லச்சுமன்தாஸ் மனைவியோடு வீட்டைப் பார்க்க வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்கள். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். அக்காதான் கூப்பிட்டு உட்கார வைத்து சாயா கொடுத்தாள். அந்த அம்மாள் சாயாவை வாங்கிக்கொண்டு அழுதாள். அக்கா, "அவங்களை அழவேண்டாம்னு சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டாள். என் தலையெழுத்து, மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை.

லச்சுமன்தாஸ் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "உன் மச்சான் கராச்சியில் எங்கே இருக்கிறார்?" அக்கா மச்சான் கடிதத்தின் உறையைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல்விலாசத்தைப் படித்தார். "இந்தத் தெரு எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் இருந்த தெரு. நல்ல தண்ணீர் வரும்" என்றார். இதை அக்காவிடம் சொன்னேன். "அது போதும். மச்சானுக்கு உப்புத் தண்ணி ஆகாது" என்றாள். பிறகு அந்த அம்மாளை அடுக்களைக்குக் கூட்டிப்போய், எந்தப் பக்கம் காற்று வந்தால் அடுப்பு புகையும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அந்த மனிதர் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. நான்தான் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா ஒரு ஏர்மெயில் காகிதத்தை என் முன்னால் வைத்தாள். "மச்சானுக்கு எழுதணும். ரஹ்மத்துக்குத் தமிழ் எழுதத் தெரியாது, அவங்களுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நான் சொல்லுறேன், நீ எழுது."

பேனாவை எடுத்தேன். நலம், நலமறிய ஆவல். ரஹ்மத்து நலம். நாங்கள் அடுத்த மாதம் பாலக்காட்டில் அவளுக்குச் சித்தப்பா முறையாகிற தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். அதுவரை சரி. பிறகு அக்கா கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இனி இப்படி எழுது. விசாரணையில சிக்கந்தர் ரொம்ப நல்லாச் சாட்சி சொன்னான். நான்தான் பேடிச்சுப்போய் ஏதோ மாத்திச் சொல்லிட்டேன். எம்மேலதான் தப்பு. அதுனால வீடு போச்சு. அவனை ஒண்ணும் சொல்லவேண்டாம்."

"அக்கா," என்றேன்.

"எழுதுடா. அவங்களுக்கு அங்க யாரு இருக்கா? உன்னை ஒருத்தனைத்தான் தம்பின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. வீடும் போயி, நீயும் போயிட்டா, அவங்க யாரை நெனச்சு அங்க இருப்பாங்க?"

வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாதவள் எனக்காக முதல் பொய்யைச் சொல்கிறாள், அதுவும் என் கையெழுத்தில். பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் செய்ததை நானே எழுதியிருக்கலாம், அவளுக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியாதே. எழுதினேன், அவள் சொன்ன வார்த்தை ஒன்றுகூட விடாமல். உறையை ஒட்டி, படகுத்துறைக்குப் போகிற வழியில் நானே தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.